பிடரி யார் கையில்?

"என்ன செய்வது? என் குடுமி அவர் கையில் இருக்கிறதே!"

இந்த வாக்கியத்தைச் சொல்லாத தமிழரோ, கேட்காத தமிழரோ உண்டா? குடுமி வைத்துக்கொள்ளும் வழக்கம் போய் இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. தலையில் இருந்த குடுமி போய்விட்டதே தவிர, பேச்சில் இருக்கும் குடுமி போகவில்லை. ஆபீஸில் குமாஸ்தாவின் குடுமி மானேஜர் கையில். கடன்காரரின் குடுமி வட்டிக் கடைக்காரர் கையில். வீட்டிலோ, சாவிக் கொத்து மாமியாரின் இடுப்பில், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, குதிரைக்குக் கடிவாளம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதிகாரத்தைப் பற்றிய இந்த வழக்குகளிலெல்லாம் ஒரு விசேஷம் உண்டு. பிடிக்கிற கை ஒருவருடையது. பிடிபடுகிற தலை இன்னொருவருடையது. நம்மை நாமே பிடித்து நிறுத்திக்கொள்வதற்கு இதே மாதிரி உறைக்கும்படியான ஒரு வழக்கு நம்மிடம் இருக்கிறதா என்று யோசித்தேன். எனக்குச் சட்டென்று எதுவும் அகப்படவில்லை.

ஆனால் பின்லாந்துக்காரர்களிடம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டது பின்லாந்தில் அல்ல. கள்ளக்குறிச்சியில், ஒரு வீட்டுத் திண்ணையில். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

திண்ணைப் பள்ளிக்கூடம்

சென்னையிலிருந்து சேலம் போகிற சாலையில், உளுந்தூர்பேட்டையையும் தியாகதுருகத்தையும் தாண்டினால் கள்ளக்குறிச்சி வந்துவிடும். பழைய தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகாவாக இருந்த ஊர். 1993ஆம் வருஷம் விழுப்புரம் ஜில்லாவோடு போயிற்று. 2019இல் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகராகிவிட்டது. கோயில் வாகனங்களுக்கும் மரச் சிற்பங்களுக்கும் பேர்போன ஊர். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும்.

கல்லூரியில் என்னோடு படித்த சிநேகிதியின் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. அவளுடைய தங்கைக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நர்ஸ் படிப்புப் படித்த பெண். மாப்பிள்ளைக்குப் பின்லாந்து தேசத்தில், தம்பெரே என்ற ஊரில் உத்தியோகம். இவளும் போய்ச் சேர வேண்டும். போனால் மட்டும் போதுமா? அந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டுமானால் அந்த ஊர் பாஷை தெரிந்தாக வேண்டும். ஆகையால் தினமும் சாயங்காலம் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்தும் ஒரு வாத்தியாரம்மாவிடம் பின்னிஷ் பாஷை படிக்கிறாள்.

நான் போன அன்று திண்ணையில் ஆயா உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் பேத்தி உட்கார்ந்து, ஏதோ மந்திரத்தை உருப்போடுகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டன் இட்ஸெயனி நிஸ்கஸ்தா கீன்னி... ஒட்டன் இட்ஸெயனி..."

"வா கண்ணு, உக்காரு" என்று ஆயா என்னை வரவேற்றார்கள். "ரெண்டு நாளா இவ இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா. பல்லி சொல்ற மாதிரி. என்னான்னு நீயாவது கேளு."

"என்னடி அது?" என்று கேட்டேன்.

"ஒரு சொலவடை அக்கா. வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தெரிஞ்சுடுச்சு. எங்கே பிரயோகம் பண்ணணும்னுதான் தெரியலே."

நான்கு வார்த்தை

பெண் நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள்.

'ஒட்டன்' என்றால் எடுக்கிறேன். 'இட்ஸெயனி' என்றால் என்னையே. 'நிஸ்கா' என்றால் பிடரி. அதோடு 'ஸ்தா' என்ற வேற்றுமை உருபு சேர்ந்து 'நிஸ்கஸ்தா', பிடரியிலிருந்து. கடைசியில் 'கீன்னி'. இந்த வார்த்தையை அவள் முதலில் கற்றுக்கொண்டது கடைக் கதவில் தொங்கும் பலகையாக. கடை 'கீன்னி' என்றால் கடை மூடியிருக்கிறது. அதே வார்த்தைக்கு, இறுகப் பற்றியிருத்தல் என்றும் அர்த்தம்.

ஆக மொத்தம்: 'என் பிடரியை நானே இறுகப் பிடிக்கிறேன்.' சோம்பலாக, கலங்கிப்போய், செய்ய வேண்டியதைச் செய்யாமல் கிடக்கிற ஒருவன், ஒருநாள் தன்னைத் தானே உலுக்கி எழுப்பிக்கொண்டு நிமிர்கிறானே, அதற்குப் பின்லாந்துக்காரர்கள் சொல்லும் பேச்சு இது. பூனை தன் குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்குவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே பூனையும் தானே, குட்டியும் தானே!

பின்லாந்து என்றதும் பலருக்கு நோக்கியா டெலிபோன் ஞாபகம் வரும். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை நடந்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அதில் வேலை பார்த்தார்கள். ஆனால் அந்த பாஷைக்கும் நமக்கும் அதற்கு வெகு காலம் முன்பே ஒரு பேச்சு நடந்திருக்கிறது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல் பாதிரியார், பின்னிஷ் முதலிய பாஷைகளோடு தமிழுக்கு உறவு இருக்கலாம் என்று வாதித்தார். இன்றைய மொழி நூலார் அந்த உறவை ஒப்புக்கொள்வதில்லை. என்றாலும் சாயல் இருப்பது நிஜம். நம்மைப் போலவே அவர்களும் ஒரு சொல்லின் வாலில் உருபுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகிறார்கள். சிந்து சமவெளி எழுத்தை ஆராய்ந்த ஹெல்ஸிங்கி பேராசிரியர் அஸ்கோ பார்ப்போலாவுக்கு, 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் விருது கொடுத்துக் கௌரவித்தோமே, அவரும் அந்த தேசத்தவர்தாம்.

குறில், நெடில், ஒற்று விஷயத்திலும் அவர்கள் நம் கட்சி. படம், பாடம், பட்டம் மூன்றும் நமக்கு வேறு வேறு அல்லவா? அங்கே 'துலி' என்றால் நெருப்பு; 'தூலி' என்றால் காற்று; 'துல்லி' என்றால் சுங்கச் சாவடி. வாய் தவறினால் நெருப்பு பற்றிக்கொண்டது என்று சொல்வதற்குப் பதிலாகச் சுங்கச் சாவடி பற்றிக்கொண்டது என்று சொல்லிவிடலாம்.

"எல்லாம் சரி அக்கா. நமக்கு எட்டு வேற்றுமை. அவங்களுக்குப் பதினஞ்சு!" என்றாள் பெண். பள்ளிக்கூடத்தில் எட்டு வேற்றுமைக்கே தலை சுற்றியவள் நான். மனமார அனுதாபப்பட்டேன்.

வாத்தியாரம்மாவின் கழுத்து

இந்தச் சொலவடையில் ஒரு பொடி உருபு இருக்கிறது. 'இட்ஸெயனி'யின் கடைசியில் வரும் 'னி'. அது 'என்' என்பதற்கு அடையாளம். 'உன்' என்றால் 'ஸி' ஆகிவிடும். பிடிப்பவர் யாரோ, பிடரியும் அவருடையதாகவே இருக்க வேண்டும். அதுதான் இதன் சூட்சுமம்.

முதல்நாள் பாடத்தில் பெண் இதைத்தான் கோட்டை விட்டாளாம். 'என்னையே' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'உங்களை' என்று சொல்லிவிட்டாள். வாத்தியாரம்மா சிரித்துவிட்டு, "நீ இப்போது என் கழுத்தைப் பிடித்துவிட்டாய், போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாராம்.

"மாட்டைப் பத்தியும் ஒண்ணு இருக்கு, ஆயா" என்றாள் பெண். "பயப்படாம ஒரு காரியத்துல இறங்கறதுக்கு, காளையைக் கொம்புல பிடிக்கிறதுன்னு அந்த ஊர்ல சொல்லுவாங்களாம்."

ஆயா கையிலிருந்த புளியை முறத்தில் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"கொம்புல பிடிச்சா குடல் வெளியே வந்துடும். திமிலைத்தான் பிடிக்கணும். அவுங்க ஊர்ல ஜல்லிக்கட்டு பார்த்தது இல்லபோல."

அந்த நிமிஷத்தில் பின்லாந்தின் காளைச் சொலவடை கள்ளக்குறிச்சித் திண்ணையில் தோற்றுப்போயிற்று. ஆனால் பிடரிச் சொலவடையை ஆயா அவ்வளவு சுலபமாகத் தள்ளவில்லை. "தன் பிடரியைத் தானே பிடிக்கிறதா?" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். இடது கையைத் தூக்கித் தம் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டும் பார்த்தார்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் புளியை எடுத்துக்கொண்டார்கள்.

எதிர் வீட்டுக்காரர்

சந்தர்ப்பம் தானாகவே வந்தது. எதிர்ச் சாரியில் ஒரு கொத்தனார் வீடு. மனுஷர் நல்ல வேலைக்காரராம், குடிதான் கெடுத்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் தள்ளாடிக்கொண்டு வந்து தம் வீட்டு வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தார். அவர் மனைவி வெளியே வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தோளைக் கொடுத்து உள்ளே அழைத்துப் போனாள்.

பெண்ணின் முகம் மலர்ந்தது. "இதோ, இடம் கிடைச்சுடுச்சு! அவரைப் பார்த்துச் சொல்லலாம் இல்லே? உன் பிடரியை நீயே பிடின்னு!"

ஆயா நிமிர்ந்து பார்த்தார்கள். குரல் உயரவில்லை.

"சொல்லாதே கண்ணு. அந்தாளு கழுத்து அவன்கிட்ட இல்லே. இருந்தா பிடிச்சிருக்க மாட்டானா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சியில் குடியைப் பற்றிப் பேச்சு வந்தால் 2024 ஜூன் மாதம் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. அந்த மாதம் ஊரின் கருணாபுரம் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் படுக்கைகள் நிரம்பின. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல்.

அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்ற ரசாயனம். தொழிற்சாலைகளில் உபயோகமாகிற சரக்கு. பார்வைக்கும் வாசனைக்கும் சாதாரணச் சாராயம் மாதிரியே இருக்கும். உடம்புக்குள் போனபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண்ணைத்தான் தாக்கும். பார்வை மங்குகிறது என்று உணர்வதற்குள் பலருக்குக் காரியம் மிஞ்சிவிடும். மலிவு என்று வாங்கிக் குடித்தவருக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எங்க வாத்தியாரம்மாவும் இதையேதான் சொன்னாங்க, ஆயா. மனசு ஒடிஞ்சு கிடக்கிறவங்களைப் பார்த்து 'உன் பிடரியை நீயே பிடி'ன்னு சொல்லாதே, அது அங்கே ரொம்பப் பேரைப் புண்படுத்தின பேச்சுன்னு. நான் அதைக் குறிச்சுக்கிட்டேனே ஒழிய, புரிஞ்சுக்கலே."

நிஜந்தான். பின்லாந்திலும் இந்தச் சொலவடையை அடுத்தவர் மேல் எறிகிறவர்கள் உண்டு. மனச்சோர்வில் இருப்பவரிடம் இதைச் சொல்வது கால் ஒடிந்தவரை ஓடச் சொல்வது போல என்று அங்கேயே கண்டிக்கிறவர்களும் உண்டு. 'னி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஸி' வந்தால், உபதேசம் ஏச்சாகிவிடுகிறது.

பிடரிக்கு மேலே

அன்றிரவு பெண் இன்னொரு சொலவடையைக் காட்டினாள். 'நிஸ்கன் பால்லா.' பிடரிக்கு மேலே இருப்பது. ஒருவன் கை ஓங்கியிருக்கிறது, எதிராளி அவனுக்குக் கீழே அமுங்கிக் கிடக்கிறான் என்பதற்கு இப்படிச் சொல்வார்களாம். 'நம் கழுத்து மேல ஏறி உட்கார்ந்திருக்கான்' என்று நாம் சொல்வதில்லையா, ஏறக்குறைய அதே.

இதைக் கேட்டதும் ஆயா, "அப்போ நாளைக்கு மலைக்குப் போயிட்டு வாங்க" என்றார்கள். ஆயா பிறந்தது மலையடிவாரத்துக் கிராமம். சிறு பிராயத்தில், மலையிலிருந்து கடுக்காயும் புளியும் சாமையும் தலைச்சுமையாகச் சந்தைக்கு வருவதைப் பார்த்தவர்கள். "மலைக்காரங்க கழுத்து மேல எத்தனை காலம் யாரு உக்காந்திருந்தாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் சொலவடை சொல்லலாம்."

மறுநாள் கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் வெள்ளிமலைக்குப் போனோம். இரண்டு பக்கமும் காடு. இடையிடையே மரவள்ளித் தோட்டங்கள். மேலே போகப் போகக் காற்றில் குளிர்ச்சி.

கல்வராயன் மலையில் வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மலையில் வாழ்கிறவர்கள், மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்கிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் பரம்பரைக் கதை.

பெயரில் ஆட்சி இருந்தது, வாழ்க்கையில் இல்லை. மலை ஜாகீர்களாகப் பிரிந்து ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. உழுகிற நிலத்துக்கு அவர்களிடம் வரி கட்ட வேண்டும். கூப்பிட்ட நாளில் கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைக்க வேண்டும். 1947இல் தேசம் சுதந்திரம் அடைந்தது. மலை மேல் அது வந்து சேரவில்லை. ஜாகீர் ஆட்சி முடிந்து மலை நேரடியாக அரசாங்க நிர்வாகத்தின் கீழ் வந்தது 1976ஆம் வருஷத்தில். இடையில் ஏறக்குறைய முப்பது வருஷம்! கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியதும் அதே 1976இல்தான்.

வெள்ளிமலையில் ஓர் அம்மாள் எங்களுக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுத்து உபசரித்தாள். வயது அறுபதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

"எங்கப்பா அவுங்க காட்டுல ஏர் ஓட்டிட்டு ராத்திரிதான் நம்ம காட்டுக்கு வருவாரு. நிலா இருந்தா உழுவாரு. நிலா இல்லேன்னா படுத்துக்குவாரு" என்றாள்.

"சோம்பேறின்னு யாராவது சொல்லியிருப்பாங்களோ?" என்று கேட்டேன்.

"சொல்லாம? அடிவாரத்துல எல்லாரும் சொன்னாங்க. மலைக்காரன் சோம்பேறி, அவன் காட்டைப் பாரு, களை மண்டிக் கிடக்குதுன்னு."

பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சொலவடை எங்கள் இருவருக்கும் ஒரே நிமிஷத்தில் விளங்கிற்று. பிடரி மேல் இன்னொருவர் உட்கார்ந்திருக்கும்போது, தன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் பிடரியைப் பிடிப்பது எப்படி?

1976க்குப் பிறகும் எல்லாம் நேராகிவிடவில்லை. நிலத்துக்குப் பட்டா, ரோடு, ஆஸ்பத்திரி எதுவும் சுலபத்தில் வரவில்லை. மலையில் பிழைப்பில்லாமல் பலர் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். சிலர் காட்டுக்குள் சாராயம் காய்ச்சப் போய்ப் போலீஸில் அகப்படுகிறார்கள். விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றிய வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டது. குடித்தவனையும் காய்ச்சியவனையும் மட்டும் பார்த்தால் போதாது, மலையில் ரோடும் பள்ளிக்கூடமும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும் என்று கோர்ட்டுக்கே தோன்றியிருக்கிறது.

சட்டமும் கையெழுத்தும்

குடி விஷயத்தில் ஒரு தேசமே தன் பிடரியைப் பிடித்துக்கொள்ள முயன்ற கதை பின்லாந்திலேயே நடந்திருக்கிறது. அங்கே பெண்கள் சாமானியப்பட்டவர்கள் அல்ல. ஐரோப்பாவிலேயே முதன்முதலாக, 1906இல், வோட்டுரிமை பெற்றவர்கள். 1907 தேர்தலில் 19 பெண்கள் சட்டசபைக்குள் போனார்கள். 1919இல் அந்த தேசம் பூரண மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பலன்? கடல் வழியாகக் கள்ளச் சாராயம் வந்து குவிந்தது. 1931 டிசம்பரில் ஜனங்களிடம் வோட்டு எடுத்தார்கள். பெரும்பான்மையோர் மதுவிலக்கு வேண்டாம் என்றார்கள். 1932 ஏப்ரல் 5ஆம் தேதி காலை 10 மணிக்கு அரசாங்கக் கடைகள் திறந்தன. 5, 4, 32, 10! 543210 என்று இந்தத் தேதியை அந்த ஊர்க் குழந்தைகூட மறக்காது.

ஐந்து வருஷம் கழித்து, 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். கல்வராயன் மலையின் ஒரு பாதி அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. பிறகு மதுவிலக்கு ராஜ்யம் முழுவதும் பரவியதும், போனதும், வந்ததும், மறுபடி போனதும் நமக்குத் தெரிந்த கதை.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பிடரி மேல் உட்கார்ந்திருப்பவனை இறக்கிவிடச் சட்டம் வேண்டும். 1976இல் மலையில் அதுதான் நடந்தது. இறக்கிவிட்ட பிறகு, குனிந்தே பழகிய கழுத்து நிமிர வேண்டுமே, அதற்கு என்ன வழி?

வெள்ளிமலை அம்மாள் உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டு. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தர்மபுரி ஜில்லாவில் ஆரம்பமாயின. பிறகு சேலம், தென்னாற்காடு என்று பரவின. பத்திலிருந்து இருபது பெண்கள் ஒரு குழு. வாரந்தோறும் கூடி ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள். அந்தப் பணத்திலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வார்கள். யாருக்குக் கடன், எவ்வளவு, எப்போது திரும்பும் என்பதைக் கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவார்கள்.

"இது என் கைநாட்டு" என்று முதல் பக்கத்தில் ஒரு மை வட்டத்தைக் காட்டினாள் அந்த அம்மாள். பத்துப் பக்கம் தள்ளி, கோணல் மாணலாக நாலு எழுத்து. "இது என் கையெழுத்து. போடறதுக்குள்ள கை நடுங்கிப் போச்சு. வீட்டுக்காரரு, 'நீ கையெழுத்துப் போட்டு என்ன கலெக்டராவப் போறியா'ன்னாரு. நான் வாயைத் திறக்கலே. அடுத்த வாரமும் போட்டேன்."

இதைக் கேட்டபோது எனக்கு நெல்லூர் ஜில்லா தூபகுண்டா கிராமம் ஞாபகம் வந்தது. அங்கே அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள், 1992இல், ஊரில் சாராயக் கடை வேண்டாம் என்று ஒன்றாக எழுந்தார்கள். தீ மாதிரி அது ஜில்லா ஜில்லாவாகப் பரவிற்று. 1993 அக்டோபர் முதல் ஆந்திர அரசாங்கமே சாராயத்தைத் தடை செய்தது. அந்தப் பெண்களும் எழுத்தறிவில் ஆரம்பித்தவர்கள்தாம். கல்வராயன் மலை அம்மாள் கற்றுக்கொண்டது நாலே எழுத்து. தூபகுண்டாப் பெண்கள் கற்றுக்கொண்டது ஒரு பாடப் புத்தகம். இருவரும் யாரையும் பார்த்து 'உன்னைப் பிடி' என்று சொல்லவில்லை. பக்கத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த தைரியத்தில், தங்களைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள்.

'னி' போய் 'ம்மே' வந்தது

இறங்கி வருகையில் பெண் வெகுநேரம் ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அக்கா, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லட்டுமா?" என்றாள்.

பாஷைப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க வேண்டிய பாரத்தை மூன்று மாதமாக நிரப்பாமல் வைத்திருக்கிறாளாம். அம்மா கேட்டால் அவர் பார்த்துக்கொள்வார் என்பது. அவர் கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது. "என் குடுமி அவர் கையில், அம்மா கையில்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். நிஜமா பார்த்தா யாரும் பிடிச்சிருக்கலே. ரெண்டு பேரும் போ போன்னுதான் சொல்றாங்க. பயம் எனக்குத்தான்."

இதுதான் அந்தச் சொலவடைக்கு உரிய இடம் என்று எனக்குப் பட்டது. பிடரி மேல் யாரும் இல்லாதபோது, யாரோ இருப்பதாகச் சொல்லிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருக்கிறோமே, அப்போது அதைச் சொல்லலாம். மற்றவருக்கு அல்ல, நமக்கே.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் மலைக் கதை முழுவதும் சொன்னோம். ஆயா எதிர் வீட்டைப் பார்த்தார்கள். கொத்தனார் மனைவி வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நம்ம தெருவில வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம் நடக்குதே, நீயும் வாயேன்" என்று ஆயா திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தார்கள். "ஒண்ணும் பேச வேணாம். சும்மா வந்து என் பக்கத்துல உக்காரு. ஆஸ்பத்திரியில குடியை நிறுத்த வைத்தியம் இருக்குதாம். உன் வீட்டுக்காரருக்கு எப்போ கேக்கணும்னு தோணுதோ, அப்போ எல்லாருமா கூடப் போவலாம்."

அந்தப் பெண் சரி என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை மணிக்கு, ஆயா?" என்று கேட்டாள்.

இரவு பாடத்தில் வாத்தியாரம்மா அந்தச் சொலவடையை வைத்து ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னார். பெண் பாரத்தை நிரப்பி முடித்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்:

"ஒட்டம்மே இட்ஸெயம்மே நிஸ்கஸ்தா கீன்னி."

'எங்கள் பிடரியை நாங்களே பிடிக்கிறோம்.' ஒருமை போய்ப் பன்மை வந்துவிட்டது. இலக்கணம் சரிதான் என்று வாத்தியாரம்மா சொல்லிவிட்டு, "யார் அந்த நாங்கள்?" என்று கேட்டார்.

பெண் செல்போனை மெல்லத் திண்ணைப் பக்கம் திருப்பிக் காட்டினாள். அங்கே ஆயா புளியை உருட்டிப் பானையில் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.